பானட்டைத் தூக்கி ஊற்று

வழியில் எங்காவது ஒருவன் காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடி வந்த சூடு ஆறாத எஞ்சின் மேல் ரப்பர் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தால், நான் என் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்ச் சண்டை போடுவேன். பின்னால் சவாரி உட்கார்ந்திருந்தாலும் போடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை இங்கே எழுத முடியாது. அவன் வண்டி, அவன் தண்ணீர், உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பார்கள். வலிக்கத்தான் செய்கிறது. அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் எனக்கு ஒரு மனுஷியின் ஞாபகம் வரும். கூடவே ஆத்திரமும் வரும்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு சிறிய தறிக்கூடத்தின் முதலாளி. கணவர் போன பிறகு தனியாளாக நின்று அதை நடத்தியவர். டாக்ஸி வாங்குவதற்கு முன் சில வருஷங்கள் நான் அவருக்குக் கார் ஓட்டினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தங்கமான மனுஷிதான், அதில் பொய்யில்லை. டிரைவர் சாப்பிட்டானா என்று கேட்காமல் அவர் இலையில் உட்கார மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எனக்கு இடம் கிடைத்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொய் எழுதுகிற பக்கமே போவார். தறிக்கூடத்தில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார். பேச்சில் கிண்டல் இருக்கும். நான் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினால், "போதும்ப்பா, வண்டியப் பாத்துத்தான் போலீஸ் நிறுத்துதான், ஒன் மூஞ்சியப் பாத்து இல்ல" என்பார்.

அவருக்கு எல்லாமே சுத்தம். சுத்தம் என்றால் நாம் சொல்கிற சுத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைக் கழுவி முடித்ததும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டு பேண்டேஜ் துணியோடு வருவார். வெள்ளை வெளேரென்று, தறியிலிருந்து அப்போதுதான் இறங்கின துணி. அதை ஆட்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, பானட்டைத் தூக்கச் சொல்லி, எஞ்சின் மேல்மூடியில் ஓர் இழுப்பு இழுப்பார். பேட்டரி இடுக்கில் ஓர் இழுப்பு. துணியைத் திருப்பிப் பார்ப்பார். கறுப்பு ஒட்டியிருந்தால் ஒன்றும் பேசாமல் துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த மௌனத்துக்குப் பயந்தே நான் எஞ்சினைச் சுத்தம் செய்கிற வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டி ஓடி வந்து நன்றாக ஆற வேண்டும். கையை வைத்தால் சுடக் கூடாது. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், காற்று இழுக்கிற வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டிவிட்டு, ஷாம்பூ கலந்த தண்ணீரில் பிரஷைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். குழாயைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது. முடிந்ததும் பானட்டைத் திறந்தே போட்டு வெயிலில் காயவிட வேண்டும், உள்ளே துணி கிணி மறந்து கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். இப்படிச் செய்தால் அவர் துணி வெள்ளையாகவே திரும்பும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் நான் பாஸானது போல அவர் சிரிப்பார்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம். இன்னொரு சுத்தம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வத்திராயிருப்பில் ஒரு துட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தோம். துட்டி என்றால் சாவு. போய்வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முதலாளியம்மா வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்தச் சொன்னார். தோட்டத்துக் குழாயை இழுத்து வரச் சொன்னார். நான் கூரையிலும் சக்கரத்திலும் தண்ணீர் அடித்துவிட்டு நிமிர்ந்தேன். போதவில்லை.

"பானட்டைத் தூக்கி ஊத்து" என்றார்.

நான் எஞ்சின் கொதிக்கிறதும்மா என்றேன். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், ஒயரிங்கில் ஏறினால் வண்டி நின்றுவிடும், செத்த நேரம் ஆறட்டும், நான் துடைத்தே கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. வண்டிக்குத் தலை அதுதான், தலைக்கு ஊற்றாமல் குளித்தால் அது குளியலா என்று கேட்டார். துடைத்தால் அழுக்குத்தான் போகும், இது போகாது என்றார். ஊற்றினேன். ஆவி கிளம்பி முகத்தில் அடித்தது. மறுபடி ஸ்டார்ட் பண்ணியபோது வண்டி இருமி இருமி நின்று, பிறகு எடுத்தது. பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சரி, துட்டிக்குத்தானே, ஒவ்வொரு வீட்டுக்கு ஒவ்வொரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் துட்டி இல்லாத நாளிலும் தண்ணீர் வந்தது. இதுதான் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. வழியில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களை ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம். மகாராஜபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றால் போதும், நிறுத்தப்பா என்பார். ஏறினவளிடம் ஊர் கேட்பார், பிள்ளை பெயர் கேட்பார், புருஷனுக்கு என்ன வேலை, வீடு எந்தப் பக்கம் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே வருவார். இறக்கிவிடும்போது பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் இருக்கும். சில நாள் அப்படியே வீட்டுக்குள் வண்டியை விடுவோம். சில நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்து, குழாயை எடு, பானட்டைத் தூக்கு. தூசி போல இருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அவர் கேட்கிற கேள்விகளையும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. என்னை வேலைக்கு எடுத்த அன்றைக்கு, லைசென்ஸைக் கையில் வாங்குவதற்கு முன்பே எந்தத் தெரு என்று கேட்டவர் அவர்.

செல்வி என்று ஒரு பெண் தறிக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை பார்த்தாள். கூமாப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாவது மாதத்தில் முதலாளியம்மாவே அவளுக்குக் கண்ணாடி வளையல் எடுத்துக்கொடுத்து, இனிமேல் நின்று வேலை பார்க்கக் கூடாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து மடி என்று சொல்லியிருந்தார். அந்த நாற்காலியும் வீட்டிலிருந்து வந்ததுதான்.

ஒரு நாள் மத்தியானம் அந்த நாற்காலியிலிருந்தே செல்வி சரிந்துவிட்டாள். சேலையெல்லாம் ரத்தம். கூடத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது முதலாளியம்மா மட்டும்தான் நிதானமாக இருந்தார். வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பின் சீட்டில் தான் முதலில் ஏறி உட்கார்ந்து, செல்வியின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "கண்ண மூடாதட்டி, என்னையப் பாரு, என்னையப் பாரு" என்று அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணீர் செல்வியின் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது. இந்த மனுஷிக்காக உயிரையே கொடுக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

செல்வி மாதாமாதம் காட்டுகிற ஆஸ்பத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. சிறிய பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு வந்து, இப்போதைக்கு ரத்தத்தை நிறுத்தப் பார்க்கிறேன், நிற்காவிட்டால் மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், வண்டியைத் தயாராக வைத்திருங்கள் என்றார். செல்வியின் புருஷன் தேங்காய் வெட்டுகிற இடத்திலிருந்து சட்டை கூடப் போடாமல் ஓடி வந்திருந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடட்டுமா, இல்லை ஸ்டாண்டில் ஒரு வண்டி பேசி வைக்கட்டுமா என்று கேட்டான்.

முதலாளியம்மா அவன் தோளைத் தொடப்போய், தொடாமல் கையை இறக்கிக்கொண்டார். "எதுக்கு வேற வண்டி? நான் வீட்டுக்குப் போயிச் சேலைய மாத்திட்டு ஓடியாரேன். மதுரை என்ன, மெட்ராஸுக்கே போகணும்னாலும் என் வண்டி இருக்கு. நீ ஒண்ணும் பேசிக்கிடாத" என்றார்.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ராஜபாளையத்துக்கு எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வந்தேன். கேட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். நான் பின் சீட்டைத் துடைக்க வாளியும் துணியும் எடுத்து வந்தேன். ரத்தம், துடைக்கத்தானே வேண்டும். பாதி துடைத்திருப்பேன்.

"பானட்டைத் தூக்கி ஊத்து."

எனக்கு முதலில் புரியவேயில்லை. "ரத்தம் பின் சீட்டுலதானம்மா இருக்கு. எஞ்சினுக்கு என்ன?" என்றேன்.

"அது இல்ல. ஏறுனவ எந்தத் தெருன்னு ஒனக்குத் தெரியாதா?"

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. உப்புப் போட்டாயா என்று கேட்பது போலக் கேட்டார். மடியில் அந்தப் பெண்ணின் ரத்தம் இன்னும் காயவில்லை, அந்த மடியோடு நின்று கேட்டார். மகாராஜபுரம் விலக்கு, இடுப்புப் பிள்ளை, பிஸ்கட் பாக்கெட், வீடு எந்தப் பக்கம், எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் வரிசையாக வந்து நின்றது. இத்தனை நாள் நான் அந்த எஞ்சினிலிருந்து கழுவிவிட்டது தூசி இல்லை. சாதி. என் கையாலேயே குழாயைப் பிடித்துச் சாதியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முடியாது என்றேன். அதுவரை அவரிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. வண்டி அத்தனை வேகத்தில் ஓடி வந்திருக்கிறது, தொட முடியாமல் கொதிக்கிறது, இப்போது தண்ணீர் உள்ளே போய் நின்றுவிட்டால் அந்தப் பெண்ணை யார் மதுரைக்குக் கொண்டுபோவது, வேறு வண்டி பேசாதே என்று நீங்கள்தானே சொல்லிவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் கேட்டேன்.

அவர் என்னிடம் வாதாடவில்லை. இத்தனை தடவை ஊற்றியிருக்கிறது, என்றைக்காவது நின்றிருக்கிறதா என்று மட்டும் சொன்னார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தானே பானட்டைத் தூக்கிக் கம்பியில் முட்டுக் கொடுத்தார். குழாயின் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து அடித்தார். நான் ஃபியூஸ் பாக்ஸ் மேல் ஒரு பையைப் போடப் போனேன்; அதன் மேலும் அடித்தார். சீறிக்கொண்டு ஆவி வந்தது. மூலை முடுக்கெல்லாம் தண்ணீர் போகும் வரைக்கும் நிறுத்தவில்லை.

பிறகு குளிக்கப் போனார். திரும்பி வரும்போது கையில் பெரிய பை இருந்தது. ஃபிளாஸ்க்கில் பால், செல்வி புருஷனுக்கு ஒரு சட்டை, பிறக்கப்போகிற பிள்ளையைச் சுற்றுவதற்குத் தறியிலிருந்து வந்த மெல்லிய வெள்ளைத் துணி. வாப்பா, சீக்கிரம் எடு என்றார். நிஜமான பதற்றத்தோடுதான் சொன்னார். வெறும் கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் அடித்தது, எஞ்சின் எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. பிறகு செல்ஃபும் அடிக்கவில்லை. அப்போதுதான் அவருக்குப் போன் வந்தது. செல்வியின் புருஷன். ரத்தம் நிற்கவில்லை, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், எங்கே இருக்கீங்க என்று அவன் கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "இந்தா, வந்துட்டோம்" என்றார் முதலாளியம்மா.

வந்துட்டோம்! நின்ற இடத்தில் நின்றுகொண்டு சொன்னார். தெருவில் இருந்த ஆண்களைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னார். தள்ளினால் எடுக்கிற கோளாறா அது? யார் யாருக்கோ போன் போட்டார். ஒரு கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது, ஒன்றின் டிரைவர் லீவு. நான் அந்தப் போனைக் கேட்டு வாங்கி, செல்வியின் புருஷனைக் கூப்பிட்டு, எங்களை நம்பாதே, நின்றுவிட்டோம், கிடைக்கிற வண்டியில் ஏற்று என்று சொன்னேன். ஆம்புலன்ஸ் அப்போதுதான் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. ஸ்டாண்டில் அலைந்து ஒரு வண்டி பிடித்து அவன் கிளம்பியபோது வெகுநேரம் ஆகியிருந்தது.

செல்வி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே என்று மதுரையில் சொன்னார்களாம்.

மறுநாள் மெக்கானிக் வந்து கம்ப்ரஸரால் காற்று அடித்து, இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் கழற்றிக் காயவைத்து, ஃபியூஸ் மாற்றி வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். வண்டி ரிப்பேராகிவிட்டது என்று முதலாளியம்மா எல்லோரிடமும் சொன்னார். ஊரும் அப்படியே சொன்னது. பாவம், அந்த அம்மா எவ்வளவோ பாடுபட்டார்கள், விதி வண்டியில் உட்கார்ந்துவிட்டது என்றார்கள். டீக்கடையில் நான் நடந்ததைச் சொன்னபோது ஒருவர் என்னை முறைத்தார். "மடியில தலையப் போட்டுக் கொண்டுபோனவியலே அவிய. வேற எந்த மொதலாளியாவது செய்வானா? சோறு போட்ட வீட்டப் பத்தி இப்படிப் பேசாதல" என்றார். மடியில் போட்டதும் நிஜம்தான். அதனால் அந்தத் தண்ணீர் இல்லையென்று ஆகிவிடுமா? என் கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும் என்பீர்கள். சில நாள் கழித்து, விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். அவரே முந்திக்கொண்டு, செல்வியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம், பார்த்துவிட்டு வரவேண்டும், வண்டியை எடு என்றார். முகம் வாடிப்போயிருந்தது, சரியாகச் சாப்பிட்டே பல நாள் ஆனவர் போல இருந்தார். நடந்தது அவரை உள்ளே அறுக்கிறது, அங்கே போய் அவளிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஓட்டினேன்.

கூமாப்பட்டியில் செல்வியின் தெருவுக்குள்ளேயே வண்டியை விடச் சொன்னார். நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று தரையில் அவள் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வி மெலிந்து, முகம் வெளுத்துக் கிடந்தாள். நான் வாசலில் நின்றேன்.

"வண்டி வந்துரும், வந்துரும்னே வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாரும்மா அவரு" என்றாள் செல்வி. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

முதலாளியம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சுற்றி நின்ற பெண்களும் அழுதார்கள். ஆனால் அவர் சொல்லவில்லை. வண்டி ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாசற்படியில் கால் வைத்து, சொல்லிவிட்டேன். தண்ணீர் ஊற்றினோம், அதனால்தான் நின்றது என்று சொன்னேன். செல்வியின் புருஷன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். எதற்குத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. செல்வி தன் கைகளை மெதுவாக உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளியம்மா பேசவில்லை. மலை ஓரமாகவே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவமானத்தில்தான் பேசாமல் வருகிறார், இனிமேல் அந்தக் குழாயை எடுக்கவே மாட்டார் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். வீடு வந்தது. கேட் திறந்துதான் கிடந்தது. உள்ளே விடுவதற்காகத் திருப்பினேன்.

"வெளியவே நிறுத்துப்பா" என்றார்.

நிறுத்தினேன். அவர் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் அவ்வளவு தன்மையாக இருந்தது.

"இன்னைக்கு அவசரம் ஒண்ணுமில்ல. நீ சொல்லுவியே, அது மாதிரியே செய்வோம். எஞ்சின் நல்லா ஆறட்டும். பொறவு ஊத்து."

நான் எத்தனையோ நாள் கெஞ்சிச் சொன்னதில் இந்த ஒன்றைத்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையைப் பலிகொடுத்து அவர் கற்றுக்கொண்டது இது. நான் இறங்கி, சாவியைக் கொதித்துக்கொண்டிருந்த பானட்டின் மேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன்.